நாளைக்கு இருந்தா வாங்க

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆண்டவர் வந்துவிடுவார் என்று அருள்நாதன் முழுமனதாக நம்பினார். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், அக்டோபர் எட்டாம் தேதி. கம்பெனியில் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தபோது, காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டார். இனிமேல் இந்தக் கையெழுத்தைப் போட வேண்டி வராது என்று தோன்றியது.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரகடத்தில், கார் கம்பெனிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். வீடு படப்பையில். அங்கே பிளாட் போட்டு விற்ற இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு ஒரு ஜெப வீடு இருந்தது. அதற்கு அவர்தான் மூப்பர். பாய் விரிப்பதிலிருந்து மைக் செட்டைப் பூட்டி வைப்பது வரை அவர் பொறுப்பு.

ஆகஸ்டு மாதம் சென்னையிலிருந்து பிரதர் ஃபிரடி என்கிற ஊழியக்காரர் வந்து ஜெப வீட்டிலேயே தங்கினார். முப்பது வயது இருக்கும். கத்திப் பேச மாட்டார். கரும்பலகையில் வருஷங்களை எழுதி, கூட்டி, கழித்து, கடைசியில் உலக முடிவுக்கு ஒரு தேதியைப் போட்டு அதைச் சுற்றிக் கட்டம் கட்டினார். முதல் வாரம் சிலர் சிரித்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் அந்தச் சிலரும் உபவாச ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். தெருக்கோடித் தையல்காரர் தீபாவளிக்குத் தைக்க வாங்கி வைத்திருந்த துணிகளை வெட்டாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அருள்நாதனின் மனைவி சகாயமேரி மட்டும் அசையவில்லை. அவள் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் மாதா கோயிலுக்குத்தான் போவாள்.

“அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டுப் போயிருக்காரு. உங்க பிரதருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?” என்று அன்று காலையிலும் கேட்டாள்.

“நீ வர்றியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

“ஜெர்சிக்கு இன்னிக்குக் கணக்கு டெஸ்ட்டு. அவள ஸ்கூலுக்கு அனுப்பணும். அரிசி ஊற வச்சிக்கீறேன், சாயந்திரம் அரைக்கணும்.”

“மூணு மணிக்கு மேல மாவ வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

“நாளைக்கு இட்லி சுடப் போறேன்” என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஒன்பது வயது ஜெர்சி புத்தகப் பையை மாட்டிக்கொண்டு போனபோது அவர் அவளைக் கூப்பிட்டு நெற்றியில் கை வைத்து ஜெபித்தார். பிள்ளை பயந்து அம்மாவைப் பார்த்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் அருள்நாதன் வெள்ளை வேட்டி சட்டையோடு வெளியே இறங்கிவிட்டார்.

ஜெப வீட்டில் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் வெள்ளை. பதினொன்றரை மணிக்குப் பிரதர் ஃபிரடி பாட்டை நிறுத்திவிட்டு எழுந்தார்.

“எஜமான் வர்றப்ப வீட்டைப் பெருக்கி வச்சா மட்டும் போதாது. உங்க மேல யாருக்காவது மனக்குறை இருக்குதா? நீங்க யாருக்காவது துரோகம் பண்ணியிருக்கீங்களா? அப்படின்னா இப்பவே எழுந்து போங்க. போய் ஒப்புரவாகிட்டு வாங்க. இரண்டரை மணிக்குக் கதவைச் சாத்திடுவோம். அப்புறம் தட்டினா திறக்க மாட்டோம்.”

நாலைந்து பேர் எழுந்து போனார்கள். ஒருத்தி அண்ணியைத் தேடி, ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடி. அருள்நாதன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாக முழங்கால் போடும்போதெல்லாம் எது வந்து முன்னால் நின்றதோ, அதுவே இப்போதும் வந்து நின்றது. துணி சுற்றிய ஒரு கை.

தொண்ணூற்றேழு நவம்பர். நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. அந்த வாரம் பிளான்ட் மேனேஜர் கோதண்டராமன் வந்து, “ஒரு ஷிஃப்ட்டுக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் வேணும். எப்படிங்கிறத என்கிட்ட கேட்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அருள்நாதன் கேட்கவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து மதிய ஷிஃப்ட் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிஷத்தில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றால் வலது பக்கப் பொத்தானை அழுத்தியபடியே இருக்குமாறு இறுக்கிக் கட்டிவிட்டார். இனி ஒரு கை போதும். மற்றக் கை தகட்டை எடுக்கலாம், வைக்கலாம். வேகம் கூடும்.

கூடியது. மாலை ஆறே காலுக்கு, அந்த மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த கொம்பையாவின் வலது கையில் நடுவில் இருந்த மூன்று விரல்கள் போயின.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பையன். அப்போது இருபத்து மூன்று வயது. கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். பர்சனல் மேனேஜர் ரகுபதி கேட்ட கேள்விக்கு அருள்நாதன் ஒரே ஒரு வாக்கியம்தான் பதில் சொன்னார். “முந்தின ஷிஃப்ட்டுல யாராவது கட்டியிருக்கலாம் சார், இவனும் பாத்துக்கினே ஓட்டியிருக்கான்.” அவ்வளவுதான். கொம்பையா மேல் கவனக்குறைவு என்று எழுதி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதே மாதக் கடைசியில் அருள்நாதன் வீட்டில் சகாயமேரி ஜெர்சியின் பிறந்த நாளுக்குப் பாயசம் வைத்தாள். அவரால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. பல்வலி என்றார்.

கண்ணைத் திறந்தபோது கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. அருள்நாதன் எழுந்தார்.

கொம்பையா எங்கே இருக்கிறான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். கம்பெனி பஸ் பிடிக்க வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் சைக்கிளை விடுவார்கள். அருள்நாதன் மட்டும் ஒன்றரை மைல் நடந்தே வருவார். கேட்டவர்களிடம் டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லியிருந்தார்.

வெயில் மேகத்துக்குள் போய்ப் போய் வந்தது. ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே கொம்பையா ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குவாளியிலிருந்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான். பழைய மரியாதை.

“வாங்க அண்ணாச்சி. இந்தப் பக்கமே காணோமே? என்ன, வெள்ளையும் சொள்ளையுமா? கல்யாணமா?”

“இல்ல கொம்பையா. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க. சாப்புடுதியளா?”

“வாணாம்.” ஒரு எட்டு கிட்டே வந்தார். “நாலாம் நம்பர் பிரஸ்ல பட்டனுக்கு டியூபு கட்டுனது நான்தான்.”

கொம்பையாவுக்கு முதலில் புரியவில்லை. வாயில் இருந்த சோற்றை மென்றுகொண்டே அவரைப் பார்த்தான். பிறகு மெல்லுவது நின்றது.

“பிரபு இல்லியா?”

“எந்தப் பிரபு?”

“மணிகண்டபிரபு. எங்கூர்க்காரன். எனக்கு முந்துன ஷிஃப்ட்டு அவந்தான அதே மெஷின்ல ஓட்டுனான்.”

“அவன் கட்டல. நான்தான் கட்டுனேன். ஷிஃப்ட்டு மாறுற நேரத்துல. டார்கெட்டுக்காவ.”

அந்த நேரம் பார்த்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கொம்பையா வலது கையில் மிச்சமிருந்த கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் ஒரு டோக்கனை இடுக்கி எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு போனதும் தூக்குவாளியை மூடி ஓரமாக வைத்தான். அருள்நாதனை உட்காரச் சொல்லவில்லை.

“நானும் அவனும் ஒரே ரூமு” என்றான். குரல் உயரவில்லை. “ரூமுல எல்லாருக்கும் பஞ்சர் ஒட்டுறது அவந்தான். டியூபுத் துண்டு எப்பவும் அவன் பையில கெடக்கும். ஆசுபத்திரியில ஒம்பது நாளு என் பக்கத்துல இருந்தான் அண்ணாச்சி. ரெண்டு கைக்கும் வேல குடுக்காம ஊட்டி விட்டான். ஒம்பதாவது நாளு ரகுபதி சாரு வந்து, முந்துன ஷிஃப்ட்டுல கட்டிருக்காங்க, ஒங்க சூப்பர்வைசரே சொல்லிட்டாருன்னு சொல்லிட்டுப் போனாரு. அவன் அப்பத்தான் ரசஞ்சோறு பெசைஞ்சுட்டு இருந்தான். நான் அந்தத் தட்டத் தூக்கி அவன் மூஞ்சில எறிஞ்சேன்.”

அருள்நாதன் பக்கத்துச் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் எத்தனையோ சொன்னான். நான் கேக்கல. ஊருக்குப் போயிட்டான். முத்துச்செல்வின்னு ஒரு பேரு கேள்விப்பட்டிருக்கியளா?”

“இல்லியே.”

“கேள்விப்பட்டிருக்க மாட்டிய. அவன் தங்கச்சி. அந்தத் தையில எங்களுக்குக் கல்யாணம் வச்சிருந்தாவ. வெரலு போனா என்ன, நான் கெட்டிக்கிடுதேன்னு அந்தப் புள்ள லெட்டர் போட்டுச்சு. ஒன்ற வருசம் காத்துக் கெடந்துச்சு. நான்தான், ஒங்க அண்ணன் என் கைய எடுத்தவன், ஒங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு எழுதிட்டேன். போன ஆவணில வேற எடத்துல முடிச்சிட்டாவ.”

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிப் போனது. ஒரு கைக்காக மன்னிப்புக் கேட்க வந்தவர் அருள்நாதன். அந்தக் கைக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றுகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. சைக்கிள்களுக்கு நடுவே, எண்ணெய் படிந்த மண்ணில், வெள்ளை வேட்டியோடு முழங்கால் போட்டார்.

“என்ன மன்னிச்சிடு கொம்பையா. இன்னிக்கு மூணு மணிக்கு ஆண்டவர் வர்றாரு. இத்த வச்சிக்கினு அவர் முன்னாடி நிக்க என்னால முடியாது.”

கொம்பையா குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது போலிருந்தது.

“ஓ. ஜெப வீட்டுல நோட்டீசு குடுத்தாவளே, அந்த மூணு மணியா?”

“ஆமா.”

“அப்ப மூணு மணிக்கு மேல நீங்க இருக்க மாட்டிய. கம்பெனி இருக்காது. வேல போவாது, போலீசு வராது, ஊருல ஒருத்தனும் ஒங்களப் பாத்துச் சிரிக்க மாட்டான். அதான் சொல்லிட்டுப் போவோம்னு வந்திருக்கிய.”

“அப்படி இல்லப்பா...”

“அப்படித்தான். எந்திரிங்க அண்ணாச்சி.” அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “நாளைக்கு இருந்தா வாங்க. வந்து இதே வார்த்தைய சொல்லுங்க. அப்பக் கேக்கேன். இன்னைக்கு நான் எதையும் காதுல வாங்கல.”

அருள்நாதன் எழுந்து நின்றார். அவன் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. தூக்குவாளியைத் திறந்தான், அப்படியே மூடினான்.

அவர் ஓட்டமும் நடையுமாக ஜெப வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு இருபத்தெட்டு. பின்னாலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு தலையில் இறங்கியது. முழங்காலில் அப்பிய எண்ணெய்க் கறையைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை.

இரண்டே முக்காலுக்குப் பாட்டு நின்றது. பிறகு மௌனம். கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது. தாய் அதன் வாயை மார்போடு பொத்திக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது எல்லோருக்கும் கேட்டது. தையல்காரர் கண்ணை இறுக மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அருள்நாதன் ஜெபிக்க முயன்றார். ‘ஆண்டவரே’ என்ற சொல்லுக்கு அடுத்த சொல் வரவில்லை. அந்த இடத்தில் கொம்பையாவின் குரல்தான் வந்தது. நாளைக்கு இருந்தா வாங்க.

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வெளியே படீரென்று ஒரு வெடிச்சத்தம். கூரை அதிர்ந்தது. எழுபது பேரும் ஒரே குரலில் அலறினார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார்கள். யாரோ “வந்துட்டீரா, வந்துட்டீரா” என்று கதறினார்கள். அருள்நாதனும் குப்புற விழுந்தார். முகம் பாயில் அழுந்த, மூச்சை அடக்கிக்கொண்டு, தன் பேர் சொல்லிக் கூப்பிடப்படும் என்று காத்திருந்தார்.

கூப்பிடவில்லை. சற்றுப் பொறுத்து, சாலையில் ஒருவன் இன்னொருவனிடம் ஜாக்கி கொண்டுவரச் சொல்லிக் கத்துவது கேட்டது. லாரி டயர் வெடித்திருக்கிறது.

மணி மூன்று. மூன்று ஐந்து. மூன்று இருபது.

தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. பிரதர் ஃபிரடியின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மூன்றரைக்கு அவர் எழுந்து, வறண்ட குரலில், “நம்ம நடுவுல ஆயத்தமில்லாத ஒருத்தர் இருக்காரு. அவராலதான் தாமதம்” என்றார்.

அதுவரை அமைதியாக இருந்த கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கங்கம்மாள் என்கிற விதவையைச் சிலர் பார்த்தார்கள். அவள் வீட்டில் இன்னும் பழைய சாமி படம் மாட்டியிருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அந்த அம்மாள் நடுங்கிப்போய், “நான் இல்லீங்க, சத்தியமா நான் இல்லீங்க” என்று அழ ஆரம்பித்தாள்.

அந்த ஒருவர் நான்தான் என்று எழுந்து சொல்ல அருள்நாதனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. எழவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விசாரணையில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். மூன்று மணி தாண்டியதும் தனக்குள் முதலில் வந்தது ஏமாற்றம் இல்லை, நிம்மதி என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நாளை சனிக்கிழமை வரும். நிச்சயமாக வரும்.

நாலு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்தார்கள். வெள்ளை உடுப்போடு ஜனங்கள் சந்து சந்தாகப் பிரிந்து போனார்கள். ஒரு பெண் வழியில் நின்று பால் பாக்கெட் வாங்கினாள். பிரதர் ஃபிரடி பையை எடுத்துக்கொண்டு தாம்பரம் பஸ் ஏறியபோது வழியனுப்ப ஒருவரும் போகவில்லை.

வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சகாயமேரி அவர் முகத்தைப் பார்த்ததும் அதை நிறுத்தினாள். கேலி ஏதும் பேசவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெர்சி கணக்கில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கியதைச் சொல்ல வந்தவள், அப்பாவைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அருள்நாதன் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டியூபு, விரல், விசாரணை, பிரபு, முத்துச்செல்வி. சகாயமேரி சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். முடித்தபோது அவள் கண் கலங்கவில்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது.

“ரெண்டு வருஷமா பக்கத்துலதான படுத்துங்கீறேன்” என்றாள். “பல்வலின்னு சொன்னீங்க. நடக்கணும்னு டாக்டரு சொன்னாருன்னு சொன்னீங்க. எல்லாம் அதானா?”

“ம்.”

“இப்ப இன்னா பண்ணப் போறீங்க?”

“நான்தான் போய்ச் சொல்லிட்டனே மேரி. இதுக்கு மேல...”

“அந்தப் புள்ள காதுல வாங்கலன்னு சொல்லிடுச்சே.”

“நாளைக்குப் போனா வேல போயிடும். அதுக்கப்புறம் இந்த வயசுல யாரு என்ன எடுப்பான்? ஜெர்சி இருக்கா.”

அவள் உள்ளே போய் மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

“வேல போனா நான் கம்பெனி கேன்டீன்ல காய் நறுக்கப் போறேன். அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா நாளைக்கு நீங்க அந்த ஸ்டாண்டத் தாண்டி நடந்து கம்பெனிக்குப் போனீங்கன்னா, சாயந்திரம் இந்த வூட்டுல உங்கள எப்படிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியல.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு அருள்நாதன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார். யூனிஃபார்ம்தான் போட்டிருந்தார். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவர் லைன் ஆட்கள். ஜெப வீட்டு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “இன்னா சார், போகலியா மேல?” என்று ஒருவன் கேட்க, கூட்டம் சிரித்தது. அவர் அவர்களைத் தாண்டி உள்ளே போனார்.

கொம்பையா சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கையில் இருந்த சைக்கிள் சாய்ந்தது, பிடித்துக்கொண்டான்.

“இருக்கேன்” என்றார் அருள்நாதன். “அந்த டியூபக் கட்டுனது நான். பிரபு இல்ல. இன்குயரியில பொய் சொன்னதும் நான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

கொம்பையா சைக்கிளை வரிசையில் நிறுத்தினான். “இங்க சொன்னா போதுமா?” என்றான்.

“எங்க சொல்லணும்?”

“எங்க பொய் சொன்னியளோ அங்க.”

அவன் ஸ்டாண்டைப் பூக்கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தான். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் அருகருகே உட்கார்ந்து ஒரகடம் போனார்கள். மேடு பள்ளத்தில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அவன் வலது கை அருள்நாதனின் முழங்காலில் இடித்தது. அவன் எடுத்துக்கொள்ளவும் இல்லை, அவர் நகரவும் இல்லை.

ரகுபதி அப்போதுதான் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். கொம்பையாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அருள்நாதனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. எழுந்து கதவைச் சாத்தினார்.

“அருள், நேத்து உங்க சர்ச்சுல என்ன நடந்ததுன்னு கேள்விப்பட்டேன். மனசு சரியில்லாம பேசறீங்க. நாலு நாள் லீவு எடுங்க. வேளாங்கண்ணி எங்கயாவது போய்ட்டு வாங்க.”

“மனசு இப்பதான் சார் சரியாக் கீது. எழுதிக் கொண்டாந்திருக்கேன்.” இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். இரண்டிலும் ஒரே வாக்குமூலம், விடியற்காலையில் சகாயமேரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க எழுதியது.

ரகுபதி தாளைத் தொடவில்லை. “இதை நான் வாங்கினா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவார். கோதண்டராமன் சார் பேர் வரும். நீங்க கிரிமினல் கேஸ்ல நிப்பீங்க. யோசிச்சீங்களா? ரெண்டு வருஷமா மூடின ஃபைல். இப்ப திறந்தா அவனுக்கு விரல் முளைக்குமா?”

“முளைக்காது சார்.”

“அப்புறம் எதுக்கு?”

அருள்நாதன் பேனாவை எடுத்து இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றை அங்கேயே வைத்தார். மற்றதை மடித்து எடுத்துக்கொண்டார்.

“அதை இங்கயே வச்சிட்டுப் போங்க” என்றார் ரகுபதி. குரலில் இப்போது கனிவு இல்லை. “அந்தக் காகிதம் இந்த கேட்டைத் தாண்டிச்சுன்னா நீங்க திரும்ப உள்ள வர முடியாது.”

பிரஸ்கள் அடிக்கும் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷம் அந்தச் சத்தத்தில் சோறு சாப்பிட்டவர். கதவைத் திறந்து வெளியே வந்தார். பெஞ்சில் இருந்து எழுந்த கொம்பையாவின் இடது கையில் அந்தத் தாளை வைத்தார். செக்யூரிட்டி வந்து அவர் அடையாள அட்டையைக் கேட்டான். கழற்றிக் கொடுத்தார்.

அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து வேலை போனது. கொம்பையா அந்தத் தாளை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனான். வழக்கு நாலு வருஷம் இழுத்து, கடைசியில் அவன் மேல் எழுதியிருந்த கவனக்குறைவு என்ற சொல்லை நீக்கினார்கள். அருள்நாதனுக்கு ஆறு மாதம் ஜெயில் தண்டனை கிடைத்தது. அவர் அதைச் செங்கல்பட்டில் கழித்தார். அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தச் சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே வந்து நின்றபோது கொம்பையா தாளை ஒருமுறை படித்துவிட்டு, “இன்னும் ஒரு வேல பாக்கி இருக்கு” என்று மட்டும் சொன்னான்.

எதிரே எஸ்டிடி பூத். கொம்பையா நம்பரை மனப்பாடமாகச் சொன்னான். பிரபுவின் ஊரில் உள்ள பலசரக்குக் கடை நம்பர். இரண்டு வருஷமாக அவன் அதைச் சுழற்றவில்லை, மறக்கவும் இல்லை. கடைக்காரர், ஆளைக் கூட்டி வரச் சொல்கிறேன், பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றார். பூத்துக்குள் இரண்டு பேருக்கு இடமில்லை. கொம்பையா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நான் பேச மாட்டேன். நீங்களே பேசுங்க” என்றான்.

பத்து நிமிஷம் கழித்து மறுமுனையில், ஓடி வந்த மூச்சோடு ஒரு குரல். “யாரு பேசுதது?”

“தம்பி, நான் அருள்நாதன். ஒரகடம் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர்.”

அவர் சொன்னார். காலையிலிருந்து மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் எளிதாகும் என்று நினைத்திருந்தார்; இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பிரபு குறுக்கிடாமல் கேட்டான். கடையில் யாரோ கால் கிலோ துவரம்பருப்பு கேட்பது கேட்டது.

“எந்தங்கச்சி கல்யாணத்துக்கு அவன் வரல” என்றான் பிரபு கடைசியில்.

“தெரியும்பா.”

“ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது.” அந்தக் குரல் உடைந்தது. “அவன் அங்க இருக்கானா?”

“இங்கதான் நிக்கறான்.”

“அவங்கிட்ட குடுங்க.”

அருள்நாதன் ரிசீவரை நீட்டினார். கொம்பையா அதைப் பார்த்தான். வாங்கவில்லை. பிறகு வாங்கினான், விரல் போன கையால். நழுவப் போனதை இடது கையால் தாங்கிக் காதில் வைத்தான். அருள்நாதன் அவனுக்கு வழி விட்டு வெளியே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். வெயிலில் நின்றார். போகலாமா, நிற்க வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை; யாரும் சொல்லவும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொம்பையா முதுகைக் காட்டி நின்றான். வெகுநேரம் அவன் தோள்கள் மட்டும் குலுங்கின. அதற்கு அப்புறம்தான் பேசத் தொடங்கினான்.